நோகாத புண்

நம் தாய்மொழியில் நோய் என்னும் பெயர் நோ என்னும் அடியிற் பிறந்தது. நோதல், நோவு, நோய் ஆகிய மூன்றும் ஒருதாய் மக்கள். ஆதலின், நோவைத் தருவது யாது அதுவே நோய் எனத் தமிழர் தொன்றுதொட்டுக் கருதி வந்தனர் என்பதில் ஐயமில்லை. பெரும்பான்மையும் அக்கருத்துப் பொருந்துவதே. ஆயினும், நோவைத் தாராமையே தன் கொடுமையாக உடைய பிணி ஒன்றுண்டு. தொழுநோய் என்று அதற்குப் பெயரிட்டு, பெயரளவிலேயே அதன் இயல்பை நாம் மறைத்துவிட்டோம். அப்பிணியைக் குறித்து நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்த நரம்பாராய்ச்சி ஒன்றினையும், அவ்வாராய்ச்சி கண்ட உண்மை எம் மலைநாட்டு மக்களிடம் இன்னும் சென்று சேராமையையும் பற்றி எம் கருத்தை எழுதத் துணிந்தோம். இலக்கியம் பயில்வார்க்கு மருத்துவத்தில் என்ன அலுவல் என வினவும் அன்பர்கள் சிறிது பொறுத்தருள்வாராக.

யாம் பிறந்து வளர்ந்த சேரம்பாடி, நீலகிரியின் மேலெல்லையில், வயநாட்டை அடுத்துக் கிடப்பது. மழை மிக்க ஊர். 1964-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி இலங்கையினின்று திரும்பிய தமிழர் பலர், அரசினர் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய இடம். அங்கே மக்கள் உயிர் வாழ்வது கையினால், அதிலும் சிறப்பாகப் பெருவிரலும் சுட்டுவிரலும் கூடுமிடத்தினால் எனின் மிகையன்று. இரண்டிலையும் ஒரு மொட்டும் அவ்விரு விரல்களுக்கிடையே அகப்பட்டு ஒடிகின்றன. இக்காலத்தே கத்தரி கொண்டு வெட்டுதலும் பெருகியுள்ளது. எனினும் நல்ல கொழுந்துக்கு விரலே கருவி. மழைக்காலத்தில் கொழுந்தெடுப்பார் கால்களில் அட்டை பற்றும். அது கடிப்பதை எவரும் அறியார். குருதி வழிதலைக் கண்ட பின்னரே அறிவர். நோகாத புண் என்பது எத்தகையது என்பதை அறிய எம் ஊரார்க்கு வேறு சான்று வேண்டா. ஆனால் அட்டைக்கடி ஓரிரு நாளில் ஆறிவிடும்.

இனி, ஆராய்ச்சியாளர் வரலாற்றுக்கு வருவோம். பால் வில்சன் பிராண்டு என்பார் 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையிற் பிறந்தவர். மிஷன் ஊழியம் செய்த ஆங்கிலேயரின் மகனார். ஒன்பதாம் வயதிற் கல்வியின்பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்றார். தந்தையார் 1929-இல் மலையிலேயே காய்ச்சலால் இறந்தார். மைந்தர் முதலிற் கற்றது மருத்துவமன்று. தச்சும் கட்டடத் தொழிலுமே. (இதனை வாசகர் நினைவில் இருத்துக, பின்னே பயன்படும்.) பின்னர் இலண்டனில் மருத்துவம் பயின்று, உலகப்போரின் குண்டுவீச்சுக் காலத்தில் அறுவை மருத்துவராகித் தேர்ந்து, 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

மறுஆண்டு, தொழுநோய் வல்லுநராகிய இராபர்ட்டு காக்ரேன் என்பார் அவரைச் செங்கற்பட்டை அடுத்த தொழுநோயாளர் குடியிருப்புக்கு அழைத்துச் சென்றனர். ஆங்கே விரல்கள் உள்நோக்கி மடங்கிப் பறவையின் உகிர்போற் குறண்டிய கைகளைப் பிராண்டு கண்டார். இக்கைகளைக் குறித்து எலும்பு மருத்துவர் யாது செய்துள்ளனர் என வினவ, ஒருவரும் ஒன்றும் செய்திலர் என்பதே விடையாயிற்று. உலகில் அக்காலத்தே பல இலட்சம் மக்களை முடமாக்கிய பிணியொன்றை முடநீக்கும் கலையோர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை! தசை அழுகி விழும் நோய்க்கு அறுவையால் ஆவதென் என்பது அவர் எண்ணம். பிராண்டு அங்கிருந்த நோயாளி ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து இறுகப் பற்றுமாறு வேண்டினார். பற்றியவருடைய பிடி இரும்பாக இருந்தது. பிராண்டு வலி பொறாமற் கத்தினார். பற்றியவரோ தாம் எவ்வளவு வலிவுடன் பற்றினோம் என்பதையே அறிந்திலர்.

இந்நிகழ்ச்சியை அவர் பின்னர்ப் பலவிடத்தும் சொல்லியும் எழுதியும் இருக்கின்றனர். எம் சிற்றறிவிற்கு எட்டியவரை, அவருடைய ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி முழுவதும் இந்தக் கைப்பிடிக்குள் அடங்கியிருந்தது. கை அழுகவில்லை, முன்கைத் தசைகள் முழு வலிவோடு இருந்தன. உள்ளங்கையின் சிறுதசைகள்மட்டும் செயலற்றன, உணர்ச்சியும் அற்றது. எனவே பழுது தசையில் அன்று, நரம்பில். அந்நரம்பிலும் சில இடங்களில்மட்டும். இறந்த நோயாளி ஒருவர் உடலை அறுத்து நரம்புகளை அடிமுதல் நுனிவரை ஆராய்ந்தபோது இது தெளிவாயிற்று. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றின் அருகே, நரம்பு தோலையொட்டி ஓடும் இடங்களிலேயே அது தடித்து வீங்கிக் கிடந்தது. ஹான்சன் என்னும் நார்வே நாட்டார் 1873-இற் கண்ட இந்நோய்க் கிருமி குளிர்ந்த இடத்தை விரும்புவது. உடலின் ஆழத்துச் சூட்டிற் செழிப்பதில்லை. நரம்பிழைகளைப் போர்த்திக் காக்கும் ஷ்வான் உயிரணுக்களுக்குள்ளே அது குடிபுகும். அதனை எதிர்த்து உடல் தொடுக்கும் போரில் நரம்பு வீங்கி, தன் உறைக்குள்ளேயே நெருக்குண்டு மாயும்.

நரம்பு அறுந்தால் மீண்டும் வளருமா என்பது பழைய வினா. வாலர் என்பார் 1850-இல் தவளை நாவின் நரம்பை அறுத்து, அறுபட்ட இடத்திற்கு அப்பாலுள்ள பகுதி சிதைந்தொழிவதைக் கண்டார். கை கால்களில் ஓடும் நரம்பு பின்னர்த் தானே துளிர்க்கும். ஆனால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே வளரும். நம் முன்னோர் முழங்கைமுதல் நடுவிரல் நுனிவரை ஒரு முழம் என அளந்தனர். ஒரு முழம் ஏறக்குறைய 45 செண்டிமீட்டர். முழங்கையிற் பழுதுற்ற நரம்பு விரல் நுனியைச் சென்று சேர 450 நாள் வேண்டும் என்க. அதுவும் வழி திறந்திருந்தால். தொழுநோயில் வழியே தழும்பேறி அடைபட்டுவிடுகின்றது. அதற்குள் தசை நலிந்து பயனற்றுப் போகும். தண்டுவடத்தின் செய்தியோ இன்னும் துயரமானது. அங்கே அறுந்த இழை துளிர்த்து நெடுந்தூரம் செல்வதில்லை. அது இழையின் குறையன்று, சூழலின் குறை என்பதை மாண்ட்ரியல் நகரத்து அகுவாயோ என்பாரும் உடன் ஆராய்ந்தாரும் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவினர். காலின் நரம்புத் துண்டைத் தண்டுவடத்தில் ஒட்டவைக்க, அத்துண்டின் வழியே இழைகள் வளர்ந்தன.

இறந்த நரம்பை உயிர்ப்பிக்க இயலாதாயின் என் செய்வது? பிராண்டு, நரம்பைக் கைவிட்டு, உயிருள்ள தசையைத் துணைக்கொண்டார். முன்கையில் நலமாயுள்ள தசையொன்றின் நாணை எடுத்து விரல்களிற் கொணர்ந்து பிணைத்தார். அதன் பின் நோயாளி பழைய தசைக்குப் புதிய வேலையைக் கற்பிக்க வேண்டும்; ஒரு விரலை மடக்க எண்ணினால் மற்றொன்று நிமிரும்; வாரக்கணக்கிற் பயிற்சி வேண்டும். தச்சர் கண்ணோடு கையைப் பார்த்தமையால் இது தோன்றியது என்று யாம் கருதுகின்றோம். கயிறும் கப்பியும் நெம்புகோலுமாகவே கையின் இயக்கத்தை அவர் நூலில் விளக்கியுள்ளார்.

கைகள் திறந்தன. ஆனால் திறந்த கைகளோடு ஊர் சென்றவர் சிலர் மீண்டு வந்து முறையிட்டனர். முன்பு குறண்டிய கையைக் கண்டு இரங்கிக் காசிட்டவர் இப்போது இடுவதில்லை. தொழுநோயாளர் என்பதறிந்து வேலை கொடுப்பாரும் இல்லை. அறுவை வெற்றியாயிற்று, அடுப்பு அணைந்தது! ஓர் ஆராய்ச்சியாளரின் தகுதியை அளக்க இதனினும் நல்ல இடம் யாம் அறியோம். என் கடமை கையைத் திருத்துவதே, மற்றவை ஊரார் பொறுப்பு என அவர் கூறியிருக்கலாம், கூறினாரல்லர். வேலூரில் நவஜீவ நிலையம் என்னும் சிற்றூர்போன்ற ஓரிடம் அமைத்துத் தாமே தச்சுக் கற்பித்தார். அங்கே மரப் பொம்மைகள் செய்யப்பட்டன. அந்தத் தச்சுப் பட்டறையே அவருடைய மிகச் சிறந்த ஆராய்ச்சிக்கூடமாயிற்று என்பதுதான் வியப்பு.

எங்ஙனமெனின், மருத்துவமனைக் கட்டிலிற் காண முடியாததை அங்கே நாள்தோறும் காண முடிந்தது. துருப்பிடித்த பூட்டைப் பிராண்டு திறக்க இயலாது வருந்துகையில், சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதில் திருப்பினான், கீழே குருதி சொட்டியது, விரலின் தசை எலும்புவரை கிழிந்திருந்தது, அவன் அறியவில்லை. விரல்கள் குறைவது நோயின் இயல்பென்றே அதுகாறும் மருத்துவரும் நம்பினர். பிராண்டு ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். ஒன்றுக்குச் சுத்தியற் பிடி, ஒன்றுக்குச் சூடான குவளை, ஒன்றுக்கு விளக்குத் திரி எனக் காரணம் கிடைத்துக்கொண்டே வந்தது. இரவோடிரவாகச் சிலர் விரலின் பகுதி காணாமற் போவதற்குமட்டும் காரணம் கிடைக்கவில்லை. இரவு விழித்துக் காவலிருந்து பார்த்தபோது, உறங்குவார் விரலை எலி கொறிப்பது தெரிந்தது. அன்றுமுதல் நோயாளர்க்குப் பூனைகள் வழங்கப்பெற்றன. ஆயிரம் ஆண்டுகளாக மாந்தர் தெய்வ சாபமென்றும் பாவத்தின் விளைவென்றும் அஞ்சிய ஒன்றின் ஒரு கூறு, பூனை வளர்த்தலால் நீங்கியது!

அவர் கண்ட முடிபு இதுவே: கிருமி நரம்பைக் கொல்லும், விரலைக் கொல்வது நோவின்மை. 1955-இல் தொடங்கப்பெற்ற கரிகிரி ஆராய்ச்சி நிலையமும் இவ்வழியே நின்று பணி செய்தது. 1960-இல் அமெரிக்க நாட்டின் இலாஸ்கர் பரிசு பிராண்டுக்கு அளிக்கப்பெற்றது. 1966-இல் அந்நாட்டின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின், எலியின் பாதத்திற் பொறி கொண்டு சிறு அழுத்தத்தைப் பல்லாயிரந் தடவை கொடுத்துப் பார்த்தார். ஒருமுறை கொடுத்தால் தீங்கில்லாத அழுத்தம், ஓயாது கொடுத்தாற் புண்ணாக்கிற்று. நோவை அறியும் நாம் நடக்கையில் நம்மையறியாமலே காலை மாற்றி மாற்றி ஊன்றுகின்றோம். உணர்வற்ற கால் ஓரிடத்தையே மிதித்து அழியும். நீரிழிவால் உணர்ச்சி இழந்த கால்களைக் காக்கும் இற்றை நாள் முறைகள் பல இவ்வாராய்ச்சியின் வழித்தோன்றல்கள். எனவே, தொழுநோய் தம்மைத் தீண்டாதென நிம்மதி கொள்ளும் செல்வரும் பிராண்டுக்குக் கடன்பட்டவரே.

அவருடைய தோல்வியொன்றையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. உணர்ச்சியற்ற கைக்குப் பொறியால் நோவுண்டாக்க முயன்றார். கையுறையில் அழுத்தத்தை அறியும் கருவி பொருத்தி, மிகுந்தபோது ஒலி எழச் செய்தார். நோயாளர் ஒலியைக் கேட்டும் வேலையை நிறுத்தவில்லை. மின்னதிர்ச்சி தரச் செய்தார். வேலை முடியவேண்டுமெனில் கருவியை அணைத்துவிட்டு வேலை செய்தனர். இயற்கை நோவை நாம் அணைக்க முடியாது; அதனாலேயே அது நம்மைக் காக்கின்றது. நோவை ஒரு கொடை எனவே அவர் நூலெழுதினார். இதில் யாம் அவரோடு முற்றும் உடன்படுகின்றோமல்லேம். ஆண்டுக்கணக்கில் நீங்காத முதுகுவலியோடு கொழுந்துக் கூடை சுமக்கும் தாய்மாரிடம் சென்று, நோவு கொடையம்மா என்று கூற எமக்கு நாவெழாது. காவலாக வரும் நோவு வேறு. காவல் முடிந்தும் போகாத நோவு வேறு.

வேலூரில் அவருடன் பணியாற்றிய மேரி வர்கீஸ் அம்மையாரை ஈண்டு நினைத்தல் தகும். 1954-இல் ஊர்தி விபத்தில் அவர்தம் தண்டுவடம் பழுதுற்று, இடுப்புக்குக் கீழ் இயக்கமும் உணர்ச்சியும் அற்றன. பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர்க்கு அறுவை செய்தார். அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று மீண்டு, வேலூரில் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். உணர்வற்ற உடம்பைக் கண்ணால் காவல் காத்தல் எத்துணை அரிது என்பதை நோயாளரோடு சமமாக அறிந்த மருத்துவர் அவர் ஒருவரே ஆவர்.

நிற்க. இத்துணையும் எழுதியதன் நோக்கத்தைக் கூறுவோம். எம் மலையில், வீட்டிலும் சரி, வேலைத்தலத்திலும் சரி, உடல் நலங் குன்றியவரை நோக்கி முதலிற் கேட்கும் கேள்வி, நோகிறதா என்பதே. இல்லை என்றால் அத்துடன் முடிந்தது. முதுகிலோ கையிலோ வெளிறிய அல்லது சிவந்த படையொன்று தோன்றும். அரிப்பில்லை, வலியில்லை, தேமல் என்று விட்டுவிடுவர். (இலக்கிய மாணாக்கராகிய எமக்கோ தேமல் அழகின் அடையாளம்! நம் புலவர்கள் மகளிர் மேனிச் சுணங்கைப் பாடி அலுத்ததில்லை.) அப்படையில் தொட்டால் தெரியாது என்பதை எவரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. கிருமி மிக மெல்லப் பெருகுவது. உட்புகுந்து நோய் வெளிப்படச் சராசரி ஐந்தாண்டும், சிலரிடத்து இருபதாண்டும் ஆகும். எனவே எங்கே, யாரால் வந்ததெனத் தேடுதல் வீண். ஒருநாள் கொழுந்து விரலிடை நழுவும். அடுப்பங்கரையிற் குளிர் காய்ந்தவர் காலிற் கொப்புளம் கண்டு வியப்பர். அப்பொழுதும், நோகவில்லையே என்பர்.

எம் ஊரில் இந்நோய் மிக்குளது என்று யாம் சொல்லவில்லை. ஆனால் நாட்டில் அது ஒழிந்துவிட்டதென்னும் எண்ணம் தவறானது. 2005-ஆம் ஆண்டின் இறுதியில், பதினாயிரவர்க்கு ஒருவர்க்கும் குறைவாக இந்தியாவில் நோய் தணிந்தது. அதனையே ஒழிப்பு எனப் பெயரிட்டனர். இன்றும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 1 இலட்சம் பேர் இந்நாட்டிற் புதிதாகக் கண்டறியப்படுகின்றனர். உலகத் தொகையில் அது பாதிக்கு மேற்பட்டது. சார்க்கண்டு, ஒடிசா முதலிய, நோய் மிக்க மாநிலங்களிலிருந்து தொழிலாளர் இன்று நீலகிரித் தோட்டங்களுக்கு வருகின்றனர். அவர்களை ஐயுற்று விலக்க இதனைக் கூறினோமல்லேம். மொழி தெரியாத ஊரில், நோகாத ஒன்றை யாரிடம், எவ்வாறு சொல்வர் என்பதே எம் கவலை.

மறைத்தலுக்குக் காரணம் அறியாமைமட்டுமன்று, அச்சமும் ஆகும். 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வரும்வரை, மணமுறிவுக்குத் தொழுநோய் ஒரு காரணமாகச் சட்டத்திலேயே நின்றது. சட்டம் மாறிற்று, மேடை மாறிற்றா? நம் கிறித்தவப் பிரசங்கங்களிற் பாவத்துக்குத் தொழுநோயை உவமை கூறும் வழக்கம் இன்னும் உளது. பழைய தமிழ் வேதாகமத்தில் குஷ்டம் என நின்ற எபிரெயச் சொல், பலவகைத் தோற்பிணிகளையும், ஆடையிலும் சுவரிலும் படரும் பூசணத்தையுங்கூடக் குறிப்பதென அறிஞர் கூறுவர். அவ்வாறிருக்க, இவ்வுவமையைக் கேட்டு இருக்கையின் ஓரத்தே ஒருவர் தம் கையைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டால், அவர் மருத்துவரிடம் செல்லும் நாள் இன்னும் ஓராண்டு தள்ளிப்போகும். பெரியோர் எம்மைப் பொறுப்பாராக. இவ்வுவமை கைவிடற்பாலது என்பதே எம் துணிபு.

காலத்தைச் சுட்டுவதற்குக் காரணமுண்டு. நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் தக்க மருந்து கொடுப்பின், வீக்கம் தணிந்து உணர்ச்சியும் வலிவும் பலர்க்குத் திரும்புகின்றன. அதன் பின் வாய்ப்பு அருகும். எடின்பரோவில் இரம்புக்கனா என்பார் குழுவினர் 2013-இல், இக்கிருமி ஷ்வான் உயிரணுவைக் குழவி நிலைக்குத் திருப்பும் விந்தையைக் கண்டறிந்தனர். என்றேனும் நரம்பை மீளவளர்க்கும் வழியை அக்கிருமியிடமிருந்தே கற்றல் கூடும். அந்நாள் வரட்டும். இன்றைக்குள்ள வழி, நரம்பு சாகுமுன் கண்டுபிடித்தல்.

நம் கல்லூரியினின்று விடுமுறைதோறும் சமூகத் தொண்டுக்கெனப் புறப்படும் மாணாக்கர் குழுவினர், அடுத்த முறை சேரம்பாடிப் பக்கம் வருவாராக. லயன் வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசுதலோடு இதனையும் செய்யலாம். தோட்டத்துச் சுகாதாரப் பணியாளர் ஒருவரை உடன்கொண்டு, படையுடையவரைக் கண் மூடச் சொல்லி, பேனா முனையால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தைச் சுட்டிக் காட்டுமாறு கேட்க வேண்டும். பெண்களை மாணவியரே கேட்பது நலம். முதலில் நல்ல தோலில் தொட்டுப் பழக்கிவிட்டுப் பின்னர்ப் படையில் தொடுக. சுட்டத் தவறியவரைப் பந்தலூர் வட்டத்து அரசு மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் செலவு பேருந்துக் கட்டணம்மட்டுமே. மருந்து விலையின்றி அளிக்கப்படுகின்றது. படை சிலவாயின் ஆறு மாதம், பலவாயின் பன்னிரண்டு மாதம் உண்ண வேண்டும். உண்ணத் தொடங்கிய சின்னாளிலேயே பிறர்க்குத் தொற்றுதல் நின்றுபோம் என்பதை அவர் வீட்டாரிடம் உரக்கச் சொல்லிவிட்டு வருக.